தெருவோரப் பங்கீடு

நுழையும்முன்

ஊர்திகள் பெருகப் பெருகத் தெருவோரம் சுருங்குகிறது. குடியிருப்புத் தெருவில் யார் ஊர்தியை நிறுத்தலாம் என்னும் கேள்வி, அண்டை வீட்டாரிடையே மனக்கசப்பையும் நீதிமன்றத்தில் வழக்கையும் தோற்றுவித்திருக்கிறது. பொதுவான ஓர் இடத்தை எவ்வாறு பங்கிடுவது? பங்கிட்டபின், அப்பங்கீடு இன்றும் முறையாக உள்ளதா என்பதை எவ்வாறு சரிபார்ப்பது? இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடுகிறது இக்கட்டுரை.

நிற்கும் ஊர்தி

ஊர்ந்து செல்வதால் ஊர்தி எனப் பெயர் பெற்றது. ஆயினும், ஒரு மகிழுந்து தன் வாழ்நாளில் ஏறத்தாழ 95 விழுக்காட்டு நேரத்தை நின்றே கழிக்கிறது என்று போக்குவரத்து அறிஞர்கள் கணக்கிட்டுள்ளனர். ஒரு நாளின் 24 மணி நேரத்தில் அது ஓடுவது ஒன்றேகால் மணி நேரத்திற்கும் குறைவு. எஞ்சிய நேரம் முழுவதும் அதற்கு நிற்க ஓர் இடம் வேண்டும்.

அவ்விடம் சிறியதன்று. ஒரு மகிழுந்தை நிறுத்த ஐந்து மீட்டர் நீளமும் இரண்டரை மீட்டர் அகலமும் கொண்ட பரப்பு தேவை எனக் கொண்டால், அது 12.5 சதுர மீட்டர் ஆகும். எளிய வீடு ஒன்றில் இது ஓர் அறையின் அளவு. இரவில் வீட்டருகே ஓரிடம், பகலில் பணியிடத்திற்கருகே மற்றோரிடம் என ஒவ்வோர் ஊர்திக்கும் குறைந்தது ஈரிடங்கள் தேவைப்படுகின்றன. ஊர்தி ஓரிடத்தில் நிற்கும்போது மற்றோரிடம் வெறுமையாகக் கிடக்கும். வீட்டு மனைக்குள் நிறுத்துமிடம் இல்லாதோரும், இருந்தும் அதை வேறு பயனுக்கு மாற்றிக்கொண்டோரும் தெருவோரத்தையே நாடுகின்றனர்.

தெருவோ பல பயன்களுக்கு உரியது. நடப்போர், மிதிவண்டியில் செல்வோர், தள்ளுவண்டியில் காய்கறி விற்போர், விளையாடும் சிறுவர் என எல்லாரும் அதற்கு உரியவர்கள். நோயாளர் ஊர்தியும் தீயணைப்பு ஊர்தியும் தடையின்றி நுழைய அதில் வழி இருக்க வேண்டும். ஆதலின், தெருவோரத்தில் நிறுத்தப்படும் ஒவ்வோர் ஊர்தியும் பிறர் பயன்படுத்தக்கூடிய இடத்தைத் தற்காலிகமாகத் தனதாக்கிக் கொள்கிறது. இதனை முறைப்படுத்துவது ஊராட்சி, நகராட்சி, மாநகராட்சி ஆகிய உள்ளாட்சி அமைப்புகளின் கடமையாகிறது.

அனுமதி மண்டலம்

தொடர்வண்டி நிலையம், மருத்துவமனை, கல்லூரி, அலுவலக வளாகம், கடைத்தெரு ஆகியவற்றை ஒட்டியுள்ள குடியிருப்புகளில் ஒரே வகைச் சிக்கல் தோன்றுவதைக் காணலாம். அங்கு வருவோர் கட்டணம் செலுத்தி நிறுத்த விரும்பாமல், அருகிலுள்ள குடியிருப்புத் தெருக்களில் ஊர்தியை விட்டுச் செல்வர். காலை எட்டு மணிக்கு நிரம்பும் தெரு மாலை ஆறு மணிக்கே காலியாகும். அங்குக் குடியிருப்போர் பகலில் வெளியே சென்று திரும்பினால் நிறுத்த இடம் கிடைப்பதில்லை.

இதற்குத் தீர்வாகப் பல நாடுகளில் ஏற்பட்டதே குடியிருப்போர் நிறுத்த அனுமதி மண்டலம் ஆகும். குறிப்பிட்ட சில தெருக்களை ஒரு மண்டலமாக வரையறுப்பர். குறிப்பிட்ட நாள்களில், குறிப்பிட்ட நேரத்தில், அனுமதிச் சீட்டு உள்ள ஊர்திகள் மட்டுமே அங்கு நிற்கலாம் என அறிவிப்பர். மண்டலத்திற்குள் வசிப்பதைச் சான்றுடன் மெய்ப்பிப்போர்க்குச் சீட்டு வழங்கப்படும். அவர்களைக் காண வருவோர்க்கு ஒரு நாள் சீட்டோ சில மணி நேரச் சீட்டோ உண்டு. விதியை மீறுவோர்க்குத் தண்டம் விதிக்கப்படும்.

இங்கு ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். அனுமதிச் சீட்டு, மண்டலத்தினுள் இடம் தேடிக்கொள்ளும் உரிமையை மட்டுமே தருகிறது. குறிப்பிட்ட ஓர் இடம் கட்டாயம் கிடைக்கும் என்னும் உறுதியை அது தருவதில்லை. இவ்வேறுபாட்டை உணராமையே பிற்காலத்தில் எழும் பல பூசல்களுக்குக் காரணமாகிறது.

ஆர்லிங்டன் வழக்கு

அமெரிக்காவின் தலைநகரான வாஷிங்டனுக்கு எதிரே, போடோமாக் ஆற்றின் மறுகரையில் அமைந்திருப்பது விர்ஜீனியா மாநிலத்தைச் சேர்ந்த ஆர்லிங்டன். அங்குக் கிரிஸ்டல் சிட்டி என்னும் அலுவலகப் பகுதி வளர்ந்தபோது, அங்குப் பணிக்கு வந்தோர் அண்மையிலிருந்த அரோரா ஹைலண்ட்ஸ் குடியிருப்பின் தெருக்களில் மகிழுந்துகளை நிறுத்தத் தொடங்கினர். குடியிருப்போரின் முறையீட்டைத் தொடர்ந்து, 1970களின் தொடக்கத்தில் ஆர்லிங்டன் நிருவாகம் ஒரு விதியை இயற்றியது. வார நாள்களில் காலை 8 மணி முதல் மாலை 5 மணி வரை அனுமதி பெற்ற ஊர்திகள் மட்டுமே அத்தெருக்களில் நிற்கலாம் என்பதே அவ்விதி. குடியிருப்போர்க்குச் சீட்டு கட்டணமின்றி வழங்கப்பட்டது.

கிரிஸ்டல் சிட்டியில் பணிபுரிந்தோர் சிலர் இதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தனர். பொதுப்பணத்தில் அமைந்த பொதுத்தெருவில், அங்கு வசிப்போர்க்கு ஓர் உரிமையும் வெளியிலிருந்து வருவோர்க்கு வேறோர் உரிமையும் வழங்குவது, சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்னும் கோட்பாட்டிற்கு முரணானது என்பது அவர்களின் வாதம். விர்ஜீனியா மாநில உச்ச நீதிமன்றம் இவ்வாதத்தை ஏற்று, விதி செல்லாது என்றது. நிருவாகம் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தை அணுகியது.

1977 அக்டோபர் 11 அன்று வெளிவந்த தீர்ப்பில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் மாநில நீதிமன்றத்தின் முடிவை மாற்றியது. குடியிருப்பில் இரைச்சலையும் காற்று மாசையும் நெரிசலையும் குறைக்க முனைவது ஓர் உள்ளாட்சிக்கு உரிய நோக்கமே. வெளியாரின் மகிழுந்துகளைக் கட்டுப்படுத்தினால் அவர்கள் பொதுப்போக்குவரத்தையோ ஒரே ஊர்தியில் பலர் சேர்ந்து செல்லும் முறையையோ நாடக்கூடும். குடியிருப்போர்க்கும் பிறர்க்கும் இடையே விதி செய்யும் வேறுபாடு, அந்நோக்கத்தை நிறைவேற்ற அறிவுக்கு ஒத்த வகையில் துணைபுரிந்தால் போதும் என்பதே தீர்ப்பின் சாரம். அதே ஆண்டு ஜூலை முதல் நாள் கிரிஸ்டல் சிட்டிக்கு மெட்ரோ தொடர்வண்டி வந்துவிட்டது என்பதும் இங்கு நினைக்கத் தக்கது. மகிழுந்தை விட்டுவருமாறு கேட்பதற்குமுன், மாற்று வழி ஒன்று இருப்பது நல்லது.

இத்தீர்ப்பு, அனுமதி மண்டலம் அமைக்கும் அதிகாரம் உள்ளாட்சிக்கு உண்டு என்பதை அந்நாட்டில் உறுதிசெய்தது. ஆயினும் அதிகாரம் உண்டு என்பது வேறு. அமைத்த மண்டலம் நியாயமானது என்பது வேறு. இரண்டாவது வினாவை நீதிமன்றம் ஒரே தீர்ப்பில் முடித்துவிட இயலாது. ஊரார் அதைக் காலந்தோறும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

மறு ஆய்வு எதற்கு?

மண்டலம் அமைக்கப்பட்ட நாளில் இருந்த சூழல் அப்படியே நிலைப்பதில்லை. அலுவலகம் இடம்பெயரலாம், புதிய தொடர்வண்டி நிலையம் வரலாம், தனி வீடுகள் அடுக்குமாடிகளாக மாறலாம், ஒரு வீட்டில் ஒன்றாக இருந்த மகிழுந்து மூன்றாகலாம். விதியோ பழைய பலகையில் பழைய நேரத்துடன் நின்றுகொண்டிருக்கும்.

மண்டலத்தின் எல்லையும் சிக்கலை உண்டாக்கும். ஒரு தெருவில் தடை வந்ததும் அங்கு நின்ற ஊர்திகள் அடுத்த தெருவிற்கு நகரும். அத்தெருவினரும் அனுமதி மண்டலம் கேட்பர். இவ்வாறு தெருத்தெருவாகப் பரவி, ஊரின் பெரும்பகுதி மண்டலமாகிவிடும். ஒவ்வொரு தெருவின் வேண்டுகோளும் தனித்துப் பார்த்தால் நியாயமானதே. அனைத்தையும் சேர்த்துப் பார்த்தால், தெருவோரம் முழுவதும் ஒரு சாராரின் உடைமைபோல் ஆகிவிடுவது புலப்படும்.

ஆர்லிங்டனிலேயே இந்நிலை வந்தது. முதல் மண்டலம் தோன்றி நாற்பது ஆண்டுகளுக்கும் மேலான நிலையில், 2017ஆம் ஆண்டு புதிய மண்டலங்கள் அமைப்பதை நிருவாகம் நிறுத்திவைத்து, திட்டம் முழுவதையும் மறு ஆய்வுக்கு உட்படுத்தியது. ஆய்வு முடிந்து மாற்றங்கள் ஏற்கப்பட்டது 2021ஆம் ஆண்டில்தான். ஒரு வீட்டிற்கு வழங்கப்படும் அனுமதிகளின் எண்ணிக்கையை, அவ்வீட்டு வளாகத்தில் நிறுத்துமிடம் உள்ளதா இல்லையா என்பதைப் பொறுத்து வரையறுத்தது அம்மாற்றங்களுள் ஒன்று.

எண்ணிப் பார்த்தல்

மறு ஆய்வின் முதற்படி எண்ணுதல். ‘எங்கள் தெருவில் எப்போதும் இடமே இல்லை’ என்பது மனத்தில் படும் எண்ணம். எப்போது, எங்கே, யாருடைய ஊர்திகளால் என்பதை எண்ணிக்கையே காட்டும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஒரு தெருவில் 40 ஊர்திகள் நிற்க இடம் உள்ளதாகக் கருதுவோம். வார நாளில் முற்பகல், மாலை, நள்ளிரவு ஆகிய மூன்று வேளைகளிலும் விடுமுறை நாளில் ஒரு வேளையிலும் நிற்கும் ஊர்திகளை எண்ண வேண்டும். அவற்றுள் எத்தனை அத்தெருவிற்கு உரியவை என்பதையும் பிரித்தறிய வேண்டும்.

முற்பகலில் 40 ஊர்திகளும் நள்ளிரவில் 15 ஊர்திகளும் நின்றால், நெரிசலுக்குக் காரணம் வெளியிலிருந்து வருவோர். பகல்நேர அனுமதி விதி இங்குப் பயன் தரும். முற்பகலில் 15, நள்ளிரவில் 40 என்றிருந்தால் நிலைமை நேர்மாறானது. நள்ளிரவில் நிற்பவை பெரும்பாலும் அத்தெருவினரின் ஊர்திகளே. வெளியாரைத் தடுப்பதால் இங்கு ஓரிடம்கூட மிச்சமாகாது. தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்வதே வழி. எல்லா வேளைகளிலும் 15 ஊர்திகளே நின்றால், அங்கு விதியே தேவையில்லை. மண்டலம் அமைந்தபின் இவ்வாறு காலியாகக் கிடக்கும் தெருக்கள், பிறர்க்குப் பயன்படாத பொது இடமாக வீணாகின்றன.

தெருவோரம் எவ்வளவு நிரம்பியிருப்பது நல்லது? கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் பேராசிரியராக விளங்கிய டொனால்டு ஷூப், 2005இல் வெளியிட்ட ‘இலவச நிறுத்தத்தின் பெருவிலை’ என்னும் பொருள்படும் தம் நூலில் இவ்வினாவை விரிவாக ஆராய்ந்தார். 85 விழுக்காடு நிரம்பியிருப்பது ஏற்றது என்பது அவர் கருத்து. நம் எடுத்துக்காட்டில் 34 இடங்கள் நிரம்பி ஆறு இடங்கள் காலியாக இருக்கும். இடம் வீணாவதுமில்லை, வருவோர் இடம் தேடிச் சுற்றித் திரிவதுமில்லை. சுற்றித் திரியும் ஊர்தி எரிபொருளை வீணாக்கி, புகையையும் நெரிசலையும் கூட்டுகிறது.

சீட்டின் விலை

அனுமதிச் சீட்டிற்குக் கட்டணம் வேண்டுமா, எவ்வளவு வேண்டும் என்பது மறு ஆய்வின் கடினமான பகுதி. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சீட்டு நெடுங்காலமாகக் கட்டணமின்றி வழங்கப்பட்டது. ஒரு வீட்டிற்கு இத்தனை என்னும் வரம்பும் இருக்கவில்லை. விலையும் வரம்பும் இல்லாவிடின் சீட்டுகள் இடங்களைவிடப் பெருகுவது இயல்பு. அப்போது சீட்டு வைத்திருப்போர்க்கும் இடம் கிடைப்பதில்லை. சீட்டின் பொருளே குன்றிவிடுகிறது.

விலையை விருப்பம்போல் உயர்த்தவும் இயலாது. இலண்டனைச் சேர்ந்த பார்னெட் மன்றம் 2011இல் குடியிருப்போர் சீட்டின் ஆண்டுக் கட்டணத்தை 40 பவுனிலிருந்து 100 பவுனாகவும், விருந்தினர் சீட்டின் கட்டணத்தை ஒரு பவுனிலிருந்து நான்கு பவுனாகவும் உயர்த்தியது. கூடுதல் வருவாயைப் பிற போக்குவரத்துச் செலவுகளுக்குப் பயன்படுத்துவது அதன் எண்ணம். குடியிருப்பாளர் ஒருவர் தொடுத்த வழக்கில் 2013இல் உயர் நீதிமன்றம் அவ்வுயர்வைச் செல்லாது என்றது. நிறுத்தத்தை முறைப்படுத்துவதற்காகத் தரப்பட்ட அதிகாரத்தை, வருவாய் ஈட்டும் கருவியாக மாற்றச் சட்டம் இடம் தரவில்லை என்பது தீர்ப்பின் அடிப்படை.

ஆகவே கட்டணம் விதிப்போர் அதன் நோக்கத்தைத் தெளிவாகக் கூற வேண்டும். சீட்டு வழங்கும் செலவை ஈடுசெய்வதற்கா? ஊர்திகளின் பெருக்கத்தை மட்டுப்படுத்துவதற்கா? முதல் சீட்டிற்குக் குறைந்த கட்டணமும் இரண்டாவது, மூன்றாவது சீட்டுகளுக்கு மிகுந்த கட்டணமும் விதிப்பது பின்னைய நோக்கத்திற்குப் பொருந்தும். கட்டணத்தில் மிஞ்சுவதை நடைபாதை, விளக்கு, மரம் என அத்தெருக்களுக்கே செலவிட வேண்டும் என்று ஷூப் வலியுறுத்தினார்.

யார் குடியிருப்பாளர்?

எண்ணிக்கையும் விலையும் கணக்கில் அடங்கும். அறம் சார்ந்த வினா ஒன்று அவற்றுள் அடங்காமல் எஞ்சுகிறது: குடியிருப்பாளர் என்று யாரைக் கொள்வது?

ஆர்லிங்டனில், சிறப்பு ஒப்புதலின்கீழ் எழுப்பப்பட்ட பெரிய அடுக்குமாடிகளில் வாழ்வோர்க்கு அனுமதிச் சீட்டு வழங்கப்படவில்லை. அக்கட்டடங்களுக்குள்ளேயே நிறுத்துமிடம் அமைக்கக் கட்டுநர் கடமைப்பட்டிருந்தனர் என்பது அதற்குக் காரணம். இக்காரணத்தில் வலு உண்டு. ஆயினும் அடுக்குமாடியில் வாடகைக்கு வாழ்பவரும் அவ்வூர்க்காரரே. தம் கட்டடத்தில் இடத்திற்குத் தனிக்கட்டணம் செலுத்தும் அவர், எதிர்ப்புறத்தில் சொந்த வீட்டுக்காரர் தெருவோரத்தைக் குறைந்த செலவில் பயன்படுத்துவதைக் காண்கிறார். தெரு இருவர்க்கும் பொதுவென்றால் இவ்வேறுபாடு தகுமா என்று அவர் கேட்பதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. மறு ஆய்வு எதிர்கொண்ட வினாக்களுள் இதுவும் ஒன்று.

விதியின் நிழலில் மறைந்துவிடும் மனிதர் வேறு சிலரும் உளர். தனித்து வாழும் முதியவரை நாள்தோறும் பார்த்துக்கொள்ள வரும் செவிலியர், குழாய் பழுதுபார்க்க வரும் தொழிலாளி, வீட்டு வேலை செய்வோர், நடக்க இயலாத மாற்றுத்திறனாளி ஆகியோர்க்கு விதியில் இடம் வைக்க வேண்டும். ஊர்தியே இல்லாதோரையும் மறத்தலாகாது. சீட்டு எவ்வளவு மலிவாக இருந்தாலும் அவர்களுக்கு அதனால் பயனில்லை. அகன்ற நடைபாதையும் நிழலுமே அவர்கள் தெருவிடம் வேண்டுவன.

பிற வழிகள்

பங்கிடுவதற்குப் பதிலாகத் தேவையையே குறைக்கும் வழிகளும் உள்ளன. ஜப்பான் 1962இல் இயற்றிய சட்டம், மகிழுந்து வைத்திருப்போர் அதனை நிறுத்தத் தெருவல்லாத ஓரிடத்தைப் பெற்றிருக்க வேண்டும் என்கிறது. வசிப்பிடத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் தொலைவிற்குள் இடம் இருப்பதைக் காவல்துறை சரிபார்த்துச் சான்று வழங்குகிறது. இந்தியாவில், மலைச்சரிவில் அமைந்த சிக்கிம் மாநிலத்திலும் ஊர்தியைப் பதிவு செய்ய நிறுத்துமிடச் சான்று கேட்கும் நடைமுறை உண்டு.

நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரம் வேறு வழியைத் தேர்ந்தது. 2019 முதல் ஆண்டுதோறும் ஏறத்தாழ 1,500 அனுமதிகளைக் குறைக்கத் திட்டமிட்டது. எவரிடமிருந்தும் சீட்டைப் பறிக்காமல், வீடு மாறிச் செல்வோரும் பிறரும் விட்டுச் செல்லும் சீட்டுகளை மீண்டும் வழங்காமையால் இதனைச் செய்ய முனைந்தது. அவ்வாறு மிச்சமாகும் இடங்கள் மரங்களுக்கும் மிதிவண்டிகளுக்கும் நடைபாதைகளுக்கும் உரியனவாகின்றன.

2006ஆம் ஆண்டின் இந்தியத் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையும், நகர நிலம் விலைமதிப்பு மிக்கது என்றும் நிறுத்தக் கட்டணம் அம்மதிப்பைக் காட்டுவதாக இருக்க வேண்டும் என்றும் அறிவுறுத்துகிறது. இருசக்கர ஊர்திகள் மிகுந்த நம் தெருக்களுக்குப் பிற நாட்டு விதிகள் அப்படியே பொருந்தா. எனினும் எண்ணிப் பார்த்தல், நோக்கத்தைத் தெளிவாகக் கூறுதல், விடுபட்டோரை நினைத்தல் ஆகிய மூன்றும் எவ்வூர்க்கும் பொருந்துவனவே.

முடிவாக

நல்ல மறு ஆய்வு மறைவில் நடைபெறுவதில்லை. திரட்டிய எண்ணிக்கையை அனைவரும் பார்க்குமாறு வெளியிட வேண்டும். சீட்டு உள்ளோரை மட்டுமன்றி, அண்டைத் தெருவினர், கடைக்காரர், வாடகைக்கு வாழ்வோர், ஊர்தி இல்லாதோர் ஆகியோரையும் கேட்க வேண்டும். மாற்றத்தைச் சில மாதங்கள் நடைமுறைப்படுத்திப் பார்த்து, மீண்டும் எண்ண வேண்டும். அடுத்த மறு ஆய்வு எப்போது என்பதையும் விதியிலேயே எழுதிவைக்க வேண்டும். நீண்ட நாள் துய்த்த சலுகை உரிமைபோல் தோன்றத் தொடங்கும். அவ்வாறு தோன்றுவதற்குமுன் அதனை மீண்டும் எடைபோடுவதே மறு ஆய்வின் பயன்.

ஒரு தெருவில் யார் ஊர்தியை நிறுத்துவது என்பது சிறு செய்தியாகத் தோன்றலாம். ஆனால், தமக்குக் கிடைத்த பங்கு பிறர்க்கும் நியாயமாகப் படுகிறதா என்று ஓர் ஊர் மக்கள் கூடிப் பேசிப் பழகும் இடம் அதுவே. அப்பழக்கம் ஏற்பட்ட ஊர், குடிநீர், விளையாட்டிடம், சந்தை முதலிய பிற பொதுச்சொத்துகளையும் பூசலின்றிப் பங்கிட்டுக்கொள்ளும்.

தெரிந்து தெளிவோம்

உலகின் முதல் நிறுத்தக் கட்டணக் கருவி, அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில் 1935 ஜூலை 16 அன்று நிறுவப்பட்டது. இதனை முன்னெடுத்தவர் கார்ல் மகீ என்னும் இதழாளர். கடைத்தெருவில் பணிபுரிவோரின் ஊர்திகள் நாள் முழுவதும் நின்றமையால் வாடிக்கையாளர்க்கு இடம் கிடைக்கவில்லை. ஒரு மணி நேரத்திற்கு ஐந்து சென்ட் எனக் கட்டணம் விதிக்கப்பட்டது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் தெருவிலோ பள்ளியை ஒட்டிய தெருவிலோ காலை, மாலை ஆகிய இரு வேளைகளில் நிற்கும் ஊர்திகளை வகைவாரியாக எண்ணி அட்டவணைப்படுத்துக. அதிலிருந்து நீங்கள் அறிவது யாது?

2. ‘பொதுத்தெருவில் குடியிருப்போர்க்கு முன்னுரிமை தருவது முறையே’ என்னும் தலைப்பில், ஏற்றும் மறுத்தும் வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.

3. நடைபாதையை மறித்து ஊர்திகள் நிறுத்தப்படுவதால் முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் அடையும் இடர்களைக் குறிப்பிட்டு, உள்ளாட்சி அமைப்பிற்கு முறையீட்டுக் கடிதம் எழுதுக.

4. அடுக்குமாடியில் வாடகைக்கு வாழ்பவர், தனி வீட்டுக்காரர், கடைக்காரர், செவிலியர் ஆகிய நால்வரும் கலந்துகொள்ளும் மறு ஆய்வுக் கூட்டத்தை உரையாடலாக எழுதி நடித்துக் காட்டுக.